இழை சிக்காத கை

தீப்ஸ்
உலகம் படைக்கப்பட்ட 6660-ஆம் ஆண்டு, புனித ஜார்ஜ் திருநாளுக்கு மறுநாள்

என் மனைவி தெயோபனோவுக்கு, இறைத்தாய் கோயில் வாசகன் லியோந்தியோஸ் எழுதுவது.

இறைவன் அருளால் நலம். நீயும் நலமாக இருக்க நாள்தோறும் மன்றாடுகிறேன். இதற்கு முன் நான்கு கடிதங்கள் எழுதினேன். ஒன்றை ஒரு துறவியிடம் கொடுத்தேன், அவர் கொரிந்து போகும் வழியிலேயே காலமாகிவிட்டார். மற்ற மூன்றும் என்ன ஆயின என்று தெரியவில்லை. இதைச் சாயக்காரர் செமரியா கொண்டுவருகிறார். நீலச் சாயத்துக்கு அவுரி வாங்க பலெர்மோவுக்கே வருகிறாராம். உங்களோடு கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் அவர் தங்கையும் ஒருத்தி என்பதால், எப்படியும் உங்களைத் தேடிப் பிடித்துவிடுவார்.

இங்கே பெரிய செய்தி ஒன்றுமில்லை. நார்மன்கள் பிடித்து வைத்திருந்த கொர்பு தீவைப் பேரரசர் மீட்டுவிட்டார். அதற்காகக் கோயில் மணி அடித்தோம். பிறகு படை இந்த வழியாகத்தான் திரும்பியது. நம் கோவேறு கழுதையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். நான் கயிற்றை விடவில்லை. "பேரரசுக்காக வாசகரே, பேரரசுக்காக, விடுங்க" என்று ஒரு சிப்பாய் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஊரைக் கொள்ளையடித்த நார்மன்கள்கூட அது நொண்டி என்று விட்டுப்போன கழுதை. நம் ஆட்களுக்கு நொண்டியும் வேண்டியிருந்தது. அதன் கால் ஆறுவதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

ஊரில் தறிகள் மறுபடி ஓடுகின்றன, ஆனால் பாதிதான். முற்றத்து முசுக்கொட்டை மரம் நன்றாகத் தழைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கோஸ்மாஸின் மனைவி இரேனே உன்னைக் கேட்டாள்.

ஸோயிக்குப் பால்பற்கள் விழத் தொடங்கியிருக்குமே.

வாசகன் லியோந்தியோஸ்


பலெர்மோ, சிசிலி நார்மன் அரசனின் அரண்மனைத் தறிக்கூடம்
என்னைக் கொண்டுவந்த ஆறாம் ஆண்டு, எலுமிச்சை பறிக்கும் காலம்

வாசகரே,

உங்கள் பழைய கடிதங்களில் இரண்டு வந்து சேர்ந்தன. பதில் எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். எழுத்துச் சொல்லிக்கொடுத்தவருக்கே எழுதாமல் இருந்தது குற்றம் என்றால் அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழுதைக்கு அத்தனை வரி. மகளுக்கு ஒரே வரி, அதுவும் கடைசியில். பல் விழுந்தது, முளைத்தும் ஆயிற்று. நாலு வயதில் என் இடுப்பில் ஏறி வந்தவள் இப்போது என் தோளைத் தொடுகிறாள். உங்கள் முகம் அவளுக்கு நினைவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை.

இரேனே என்னைக் கேட்டாளா? கேட்கமாட்டாளா பின்னே! என் தறிக்கு அடுத்த தறியில் உட்கார்ந்தவள். அன்றைக்குக் கோயில் வாசலில் மேசை போட்டு, நற்செய்தி நூலை வைத்து, ஒவ்வொரு வீட்டு ஆண்பிள்ளையையும் அதன்மேல் கை வைக்கச் சொன்னார்களே, மறந்துவிட்டதா? பொன் எங்கே, வெள்ளி எங்கே என்று கேட்டு முடித்தபின் அந்த நார்மன் தலைவன் கடைசிக் கேள்வி கேட்டான். "வீட்ல பட்டு நெய்யிறவங்க யாராச்சும் உண்டா?" உங்களுக்கு முன்னால் நின்ற கோஸ்மாஸ் கை வைத்தான். "என் பொண்டாட்டி பாத்திரம் கழுவுறவ சாமி. அவளுக்கு ஊசி பிடிக்கக்கூடத் தெரியாது" என்றான். போ என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்து நீங்கள். "உண்டு. என் மனைவி" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "தீப்ஸ்லயே நல்ல கை அவளோடது" என்றீர்கள். அதை யார் ஐயா உங்களைக் கேட்டது?

பிறகு என்னையும் கூட்டிப்போங்கள் என்று அழுதீர்கள். "நீ என்னடா செய்வ?" என்றான். "திருப்பாடல் வாசிப்பேன்" என்றீர்கள். அவர்கள் சிரித்தபோது மட்டும் உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மற்றபடி இந்த ஆறு வருஷமும் உங்கள்மேல் கோபம்தான்.

இங்கே பட்டினி இல்லை, அடி இல்லை. கத்திரிக்காயை எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். அரபியில் வேலை செய்கிறோம், லத்தீனில் திட்டு வாங்குகிறோம், கிரேக்கத்தில் அழுகிறோம். இருபத்துநாலு தறிகளுக்கு என்னைத் தலைவியாக வைத்திருக்கிறார்கள். புதுப் பெண்களைத் தேர்ந்தெடுக்க இவர்களுக்குத் தெரியவில்லை. குரல், முகம், பல் எல்லாம் பார்க்கிறார்கள்! பொறுக்கமுடியாமல் நம் ஊர் வழியைக் காட்டினேன். உள்ளங்கையில் ஒற்றைப் பட்டிழையை வைத்து இழுப்பது. சிக்கினால் அடுப்படிக்கு, வழுக்கி ஓடினால் தறிக்கு. மேலாளர் வாயைப் பிளந்துவிட்டார்.

இனி எழுதவேண்டாம். எழுதித்தான் தீருவேன் என்றால், நம் மலையில் ஆடு மேய்கிற பக்கம் வளருமே வாசனைச் செடி, அதைக் காயவைத்து ஒரு பிடி அனுப்புங்கள். இங்கே இருப்பதில் மணமே இல்லை.

தெயோபனோ


தீப்ஸ்
6661, பெருநோன்பின் மூன்றாம் வாரம்

தெயோபனோவுக்கு,

செடி இத்துடன் இருக்கிறது. நானே ஏறிப் பறித்தேன்.

நீ கேட்டதற்கு ஆறு நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அந்த நூல் நம் கோயில் நூல். ஞாயிறுதோறும் மெழுகுத்திரி ஏந்தி அதற்கு முன்னால் நடந்தவன் நான். அதன் அட்டையில் ஒரு மூலையில் என் திரியிலிருந்து சொட்டிய மெழுகு உறைந்திருக்கும். சுரண்டினால் தோல் கிழியும் என்று விட்டுவைத்தது. அன்றைக்குக் கை வைத்தபோது என் விரல் சரியாக அந்த மெழுகில் பட்டது. பொய் தொண்டைவரை வந்தது தெயோபனோ. அதற்குமேல் வரவில்லை.

நல்ல கை என்று ஏன் சொன்னேன் என்று கேட்கிறாய். அருமை தெரிந்தால் உன்னை மரியாதையாக நடத்துவார்கள் என்று நினைத்தேன், அதனால்தான் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைத்தான் கிழித்தேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பெருமை. வேறு எதுவும் அதில் இல்லை.

நூலில் கை வைத்துப் பொய் சொன்னதற்கு கோஸ்மாஸுக்கு ஆயர் மூன்று ஆண்டுத் தண்டனை கொடுத்தார். நற்கருணை கிடையாது, கோயிலுக்குள் வரக்கூடாது, வாசலில் நின்றே வழிபாடு கேட்கவேண்டும். மழையிலும் நின்றான். வழிபாடு முடிந்ததும் வீட்டுக்குப் போய் இரேனேயோடு உட்கார்ந்து பருப்புக் கஞ்சி குடித்தான். எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஆயர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை உதறிவிடலாம் போல இருந்தது.

ஸோயியைப் பற்றி எழுது. எது வேண்டுமானாலும் எழுது.

லியோந்தியோஸ்


பலெர்மோ
கொண்டுவந்த ஒன்பதாம் ஆண்டு, கடும் வெயில்

வாசகரே,

மூன்று ஆண்டு கழித்து எழுதுகிறேன். கோபம் என்று நினைக்காதீர்கள். அலுப்பு.

உங்கள் பேரரசர் படை இத்தாலிக் கரையில் இறங்கிப் பாரி நகரைப் பிடித்ததாம். இங்கே எங்களைக் கூடத்தில் வைத்துப் பூட்டினார்கள், ஓடிவிடுவோமாம். பிறகு பிரிந்திசியில் அதே படை தோற்றதாம். பூட்டைத் திறந்தார்கள், சங்கிலியில் நம் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நீங்கள் ஜெயித்தால் எங்களுக்குப் பூட்டு, தோற்றால் உங்களுக்குச் சங்கிலி. யாராவது கொஞ்ச நாள் சும்மா இருந்து தொலையக்கூடாதா?

வெற்றி விழாவுக்கு நாங்கள் நெய்த சிவப்பு மேலங்கிகளைத்தான் இவர்கள் உடுத்திப் போனார்கள். ஓரத்தில் சங்கிலியோடு நின்ற ஒருவன், "அட, இது நம்ம தீப்ஸ் செவப்பாச்சே!" என்று கத்தினான். நம் பக்கத்துக் கிராமத்தான் போலிருக்கிறது. அடி வாங்கினான் பாவம்.

செடியை ஸோயியிடம் முகரக் கொடுத்தேன். "ச்சீ, ஆட்டு நாத்தம்" என்றாள். "அதாண்டி உன் ஊரு" என்றேன்.

அவளுக்குப் பதின்மூன்று ஆகிறது. போன மாதம் மேலாளர் அவள் கையைப் பார்க்கச் சொன்னார். இழையை நானே இழுத்தேன். சிக்கித் தொலைக்கட்டும், அடுப்படிக்கே போகட்டும், எந்த ஏட்டிலும் பெயர் ஏறாமல் இருக்கட்டும் என்று ஒரு மனம். இன்னொரு மனம் வேறு மாதிரி. இழை தண்ணீர் மாதிரி ஓடிவிட்டது. என் கையைவிட நல்ல கை. வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன், எல்லோர் முன்னாலும். சொன்னபிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது.

தெயோபனோ


தீப்ஸ்
6666, பெருநோன்பின் முதல் வாரம்

தெயோபனோவுக்கு, அவசரமாக.

சமாதானம் ஆகிவிட்டது. பேரரசரும் சிசிலி அரசனும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆயருக்கு வந்த மடலை நானே உரக்க வாசித்தேன். பிடித்துக்கொண்டுபோன எல்லோரையும் திருப்பி அனுப்புவார்கள். அந்த இடத்தில் கோயில் முழுக்க ஒரே அழுகை. அடுத்த வரியையும் நான்தான் வாசிக்கவேண்டியிருந்தது. பட்டு நெய்கிறவர்களைத் தவிர.

இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, உங்களை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பதினோரு ஆண்டு மணி அடித்தேனே, இதற்கா?

ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நற்செய்தி நூலில் கை வைக்கச் சொல்லி, நெய்யத் தெரியுமா என்று கேட்பார்களாம். சிறு பெண்களுக்காகத் தாய் சத்தியம் செய்யலாமாம். தெயோபனோ, பொய் சொல். உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது என்று சொல். பாவம் என் தலையில் இருக்கட்டும். ஆயரிடம் நான் பேசிக்கொள்கிறேன், கடவுளிடமும் நானே பேசிக்கொள்கிறேன். அன்றைக்கு நான் சொல்லாததை இன்றைக்கு உன்னைச் சொல்லச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்.

லியோந்தியோஸ்


பலெர்மோ
கொண்டுவந்த பன்னிரண்டாம் ஆண்டுத் தொடக்கம்

வாசகரே,

இதைக் கொண்டுவந்து கொடுக்கிறவளை உற்றுப் பாருங்கள். உங்கள் மூக்கு, என் நாக்கு. ஸோயி.

நான் வரவில்லை. வாசல் பக்கம் பார்க்கவேண்டாம்.

என்னை அவர்கள் கேட்கவே இல்லை. இருபத்துநாலு தறிக்குத் தலைவி, எனக்கு நெய்யத் தெரியாது என்றால் மேசை நாற்காலிகூடச் சிரிக்கும். மேலாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அதோடு முடிந்தது. அப்படித்தான் ஆகும் என்று தெரிந்ததால், உங்கள் கடிதம் வந்த அன்றே இவளை மட்டுமாவது கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சத்தியம் மட்டும் போதாது என்று தெரியும். நம் ஊர் சோதனையை இவர்களுக்குக் காட்டிக்கொடுத்த புத்திசாலி நான்தானே! இழையை இழுத்துப் பார்க்காமல் ஒருத்தியையும் விடமாட்டார்கள். இவள் கை கெடவேண்டும். கை கெட அடுப்படிக்குப் போகவேண்டும். அடுப்படிக்குத் தள்ளப்பட வேண்டுமென்றால் நெய்யத் தெரியாதவள் ஆகவேண்டும்.

அதனால் கோடைத் தொடக்கத்திலிருந்து இவள் தறியின் பாவு இழைகளை நானே பாதி அறுத்து வைத்தேன். இவள் சாப்பிடப் போகும் நேரத்தில், நகத்தால், ஒரு நாளைக்கு ஏழெட்டு. தறியில் உட்கார்ந்ததும் பட் பட்டென்று போகும். முதலில் நூலைத் திட்டினாள். பிறகு தறியை. பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். "கவனம் இல்ல, வேற என்ன" என்றேன். ஒரு மாதத்தில் மேலாளர் அடுப்படிக்கு விரட்டினார். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்தாள், சுண்ணாம்புத் தண்ணீரில் ஜாடி கழுவினாள், கிணற்றுக் கயிறு இழுத்தாள். செப்டம்பரில் பிறந்த புது ஆண்டின் ஏட்டில் 'அடுப்படிப் பெண்' என்று எழுதினார்கள்.

இவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் அப்படியே உங்கள் வார்ப்பு.

அழைத்த அன்று நூலில் கை வைத்தேன். "உன் மகளுக்கு நெய்யத் தெரியுமா?" ஐந்தாறு மூச்சு நேரம் வாயே திறக்கவில்லை. அந்த நேரத்துக்குள் உங்களை முழுசாக மன்னித்துவிட்டேன். பிறகு சொன்னேன். "தெரியாது சாமி. தொட்டதெல்லாம் அறுக்கிறவ. என் வயித்துல பொறந்தும் ஒண்ணுக்கும் ஆகாதவ." என்னால் சொல்ல முடிந்துவிட்டதே என்று உடனே உங்கள்மேல் மறுபடி கோபம் வந்துவிட்டது.

இழையை இழுத்தார்கள். சிக்கி அறுந்தது. ஸோயி அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கப்பலேறுகிறாள், இன்றுவரை என்னோடு பேசவில்லை. மெசினாத் துறைமுகத்தில் இன்னொரு முறை விசாரிப்பார்கள் என்றதால் நானும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் இவள் ஆடை மடிப்பில் வைத்துத் தைத்துத்தான் அனுப்புகிறேன், இவளுக்குப் படிக்கவும் தெரியாது.

நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் உண்மை சொல்ல வருமே. இழை அறுந்தது அவள் கையால் இல்லை என்று சொல்லுங்கள்.

தெயோபனோ


தீப்ஸ்
6667, உயிர்ப்புத் திருநாள் கழிந்து இரண்டாம் வாரம்

தெயோபனோ,

ஸோயி வந்தாள். தலைவாசல் இடிக்கும் உயரம். வந்து நின்று "வாசகரே" என்று கூப்பிட்டாள். அதுதான் என் பெயர் என்றே நினைத்திருக்கிறாள். அப்பா என்று வர இரண்டு மாதம் ஆயிற்று. நடுவில் எவ்வளவோ திட்டு. நாக்கு உன்னுடையதேதான்.

உன் கடிதத்தை முதல் நாளே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இழைகளைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "மறுபடி படிங்க" என்றாள். படித்தேன். "எல்லாமா? ஒண்ணுகூட நான் அறுக்கலையா?" என்றாள். "ஒண்ணுகூட இல்லம்மா" என்றேன். எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினாள். நான் உள்ளே போகவில்லை. வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "அம்மாவுக்கு நான் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாம வந்துட்டேன்" என்றாள். அதை உனக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

குளிர்காலம் முழுவதும் கையில் ஆலிவ் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இரேனே தன் பழைய சிறு தறியைக் கொண்டுவந்து நம் பின்னறையில் போட்டாள். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு ஸோயி நெய்கிறாள். இத்துடன் இருக்கும் துண்டு அவளுடையது. உன் உள்ளங்கையில் வைத்து இழுத்துப் பார்.

போன வாரம் தலைநகரிலிருந்து பேரரசரின் அதிகாரி ஒருவர் வந்தார். அரண்மனைத் தறிகளுக்கு ஆள் போதவில்லையாம். இருக்கிற நல்ல கைகளைத்தான் நார்மனுக்கு விட்டுக்கொடுத்தாயிற்றே! கோயில் வாசலில் மேசை போட்டார்கள். நற்செய்தி நூலை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு ஆண்பிள்ளைகள் வரிசையில் நின்றோம். கேள்விகூட மாறவில்லை. "வீட்ல பட்டு நெய்யிறவங்க யாராச்சும் உண்டா?"

கையை வைத்தேன். மெழுகு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இல்ல" என்றேன். "ஒரே பொண்ணு. பாத்திரம் கழுவுறவ."

அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அடுத்தவன் வா" என்றார்.

அவர் ஊரைவிட்டுப் போனபின் ஆயரிடம் பாவத்தை அறிக்கையிட்டேன். வாசகர் பதவி போயிற்று. மூன்று ஆண்டு வாசலில் நிற்கவேண்டும். ஞாயிறன்று போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கோஸ்மாஸ் உள்ளேயிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். "தூண் பக்கம் வந்துடு வாசகரே, அங்கதான் மழை அடிக்காது" என்றான். பழகியவனுக்குத்தான் தெரிகிறது.

நிற்பது கடினமாக இல்லை தெயோபனோ. அந்தச் சொல்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. தொண்டையில் சிக்கவில்லை. ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. இல்லை என்பது இவ்வளவு சின்னச் சொல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஸோயியின் அப்பா